பள்ளிகொண்டாவில் ஏசியைக் குறைத்த கை

தினமும் எனக்கும் சேர்த்துச் சப்பாத்தி கட்டிவந்த என் ஜரீனாவுக்கு,

வியாழக்கிழமை பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது உன் மகள் கையை நீட்டி ஏசியைக் குறைத்தாள். குளிரினாலா, வண்டியை என் தலையில் கட்ட வேண்டும் என்பதாலா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். தெரியவில்லை. உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆளும் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நாம் இருவரும் பதினோரு வருஷம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் போய்வந்த என் பெட்ரோல் வண்டி ஓய்ந்துவிட்டது. இந்த வருஷம் மட்டும் இரண்டு முறை நெடுஞ்சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஷூ கம்பெனியின் தோல் சோதனை லேப் இன்னும் காலை எட்டரைக்குத்தான் திறக்கிறது. போக ஐம்பது, வர ஐம்பது கிலோமீட்டர். சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று யாரிடமோ சொன்னேன். அது எப்படியோ அஃப்ரீன் காதுக்குப் போய்விட்டது. அவள் இப்போது வேலூரில் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பதாம் நாளுக்குப் பிறகு அவள் என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. நான்கைந்து முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்புறம் நானும் விட்டுவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, இரண்டாம் முறை கூப்பிடுவதே எனக்குக் கஷ்டம். அப்படிப்பட்டவள் போன மாதம் வந்து அழைப்பு மணியை அடித்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழப்பான விளம்பரப் புத்தகம்.

"இன்னா காலா, இளச்சிட்டீங்க" என்றாள். காலா என்றால் உங்கள் வீட்டில் அம்மாவின் சகோதரி. அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கண் அந்த விளம்பரப் புத்தகத்தின் மீதுதான் இருந்தது. இவள் வந்தது என்னைப் பார்க்கவா, மாதக் கடைசி டார்கெட்டுக்கா?

அதன் பிறகு எல்லாமே சந்தேகம். ஷோரூமில் மோர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. பேட்டரி வாரண்டிக் காகிதத்தைக் கடைசி வரி வரை நின்றே படித்தேன். ஒரு சார்ஜுக்கு இவ்வளவு தூரம் என்று புத்தகத்தில் போட்டிருந்த எண்ணைக் காட்டி, இதை யார், எந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். அஃப்ரீன் சிரித்தாள். அவளுடைய மேனேஜர் சிரிக்கவில்லை.

நம் லேபில் ஒரே ஒரு விதிக்காகத்தானே நீயும் நானும் எத்தனையோ சப்ளையர்களோடு சண்டை போட்டோம்? விற்கிறவன் கொண்டுவரும் சாம்பிளைச் சோதிக்கக் கூடாது. வந்திறங்கிய மொத்தச் சரக்கான லாட்டிலிருந்து நாமே உருவி எடுக்க வேண்டும். அதனால் ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுகிற கதையெல்லாம் வேண்டாம் என்றேன். என் ரோட்டில், ஆம்பூர் வரை போய்த் திரும்ப வேண்டும், நான்தான் ஓட்டுவேன், ஏசி முழுசாக நாலில் இருக்க வேண்டும். அஃப்ரீன் மேனேஜரிடம் மன்றாடி அனுமதி வாங்கினாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். வண்டி நன்றாகவே இருந்தது. சத்தம் இல்லை, கிளட்ச் இல்லை. லாங் பஜார் நெரிசலில் கைவண்டிகளுக்கு நடுவே ஊர்ந்தபோது கால் வலிக்கவில்லை. ஊருக்கு ஊர் ஓரங்கட்டி, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டிய எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டேன். உன் இடத்தில், எனக்கு இடப்பக்கம், அஃப்ரீன் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிகொண்டா வந்தது. பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினாள். நாலிலிருந்து இரண்டு. திரையில் எண் ஏழு கிலோமீட்டர் ஏறியது.

அதன் பிறகு நான் நோட்டைத் திறக்கவில்லை. வேலூர் வெயிலில் ஏசியைக் குறைக்கிறவர்கள் உண்டா? சாம்பிளில் கைவைத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. சாவியைக் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உன் கை ஞாபகம் வந்தது. பதினோரு வருஷம், ஏறக்குறைய அதே இடத்தில், பேச்சை நிறுத்தாமலே நீயும் அப்படித்தான் குறைப்பாய். நாலிலிருந்து இரண்டு. அக்கா என்பதற்கு உங்கள் வீட்டு வார்த்தையில், "ஆபா, நான் இன்னா ஐஸ் மீனா?" என்பாய். நான் திரும்ப ஏற்றுவேன், நீ திரும்ப இறக்குவாய். மாதனூர் வந்தால் சமாதானம்.

ஒரே ஒருமுறைதான் நீ அதைத் தொடவில்லை. பேரணாம்பட்டிலிருந்து வந்த தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரிக்காரருடைய லைனிங் லெதரை, அதாவது ஷூவின் உட்பக்கத் தோலை, சாம்பிள் அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காகவே நான் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்தேன். மறுபடி சோதித்தபோது முழு லாட்டும் நன்றாகவே இருந்தது. அதற்குள் அந்த மனிதர் ஆர்டரை இழந்திருந்தார். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஏசி நாலிலேயே ஓடியது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நடுங்கியபடி வந்தாய்.

அந்த மனிதரிடம் நான் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. அஃப்ரீன் விஷயத்திலும் அதையேதான் செய்கிறேனா? இல்லை, இந்த முறை என் சந்தேகம் சரிதானா? கார் போனால் வேறு கார். இவளும் போய்விட்டால், உன் வீட்டிலிருந்து என்னைக் காலா என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுபடி சோதிப்பது. நாளை ஞாயிற்றுக்கிழமை. எக்ஸ்சேஞ்சுக்காகப் பழைய வண்டி எப்படி ஓடுகிறது என்று கூட உட்கார்ந்து பார்க்க அஃப்ரீனை வரச் சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் வண்டியில் ஏசியைக் குறைத்து யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. நாலில் வைத்துப் பள்ளிகொண்டா வரை போவேன். அவள் கை நீண்டால் அது குளிர். நீளாவிட்டால் அது வியாபாரம். உன் மகளை இப்படிச் சோதிப்பது அசிங்கம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். எது நடந்தாலும் ஒரு வரி மாற்றாமல் இங்கே எழுதுவேன். இது என் வாக்கு.

ஞாயிறு மாலை.

நடந்தது இது. பள்ளிகொண்டா வந்தது. அஃப்ரீன் கை நீளவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்தி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. இந்த விடைக்கு என் கணக்கில் இடமே இல்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"குளுருதா?"

"ம்."

"கொறைக்கறதுதானே?"

"உங்க வண்டி. கேக்காம எப்டி தொடறது?"

"அன்னிக்குத் தொட்டியே."

"அது கம்பெனி வண்டி." என் பக்கம் திரும்பினாள். "நம்பர் ஏறுனத நீங்க பாத்ததையும் நான் பாத்தேன் காலா. அன்னிக்கும் குளுருச்சி. கொறச்சா நம்பர் ஏறும்னும் தெரியும், மேனேஜர் சொல்லியே குடுத்திருக்காரு. ரெண்டும்தான்."

பொய் சொல்கிறவர்கள் இரண்டு காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒன்று போதும்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்டுவிட்டேன். "உங்க வாசல்ல இந்த வண்டி நிக்கும். அதப் பாத்துட்டு எப்டி உள்ள வர்றது? ரெண்டு வாட்டி தெருமுனை வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போய்ட்டேன்" என்றாள்.

அவளேதான் சொன்னாள்: "அன்னிக்கி எழுதுனத கிழிச்சிப் போடுங்க. இப்பவே போலாம், நாலுலயே வச்சி."

திரும்பிப் போய் ஷோரூம் வண்டியை எடுத்தோம். ஆம்பூர் வரை நாலு. ஆம்பூரிலிருந்து திரும்பும்போதும் நாலு. புத்தகத்தில் இருந்த தூரம் வரவில்லை, கால்வாசி குறைகிறது. ஆனால் என் ஒரு நாள் ஓட்டத்துக்குத் தாராளம். அஃப்ரீன் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, வழி நெடுக எண்ணைப் படித்துச் சொன்னாள். கை குமிழ் பக்கமே போகவில்லை.

விரிஞ்சிபுரம் திருப்பத்தில் ஓரங்கட்டினேன். நோட்டில் எழுதினேன்: "ஏசி 4லிருந்து 2. குறைத்தது நான்."

அதற்குப் பிறகு திரை காட்டிய எண் எதுவும் செல்லாது. வண்டியை இன்றே புக் செய்துவிட்டேன்.

உன் ஆபா,
தேன்மொழி