நாலாம் நாள் ஓவர்கள்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். தம்பி கவிசனை மாகாண அணியின் நாலு நாள் போட்டிக்கு எடுத்த செய்தியை ரயிலில் வாசித்தேன். நான் இறங்கவேண்டிய ரொம்மனில் இறங்க மறந்து கடைசித் தரிப்பிடம்வரை போய்விட்டேன், அவ்வளவுதான்.

நாங்கள் ஆடுகளத்தில் பாய் விரித்து ஒருநாள் போட்டிதான் ஆடினோம். பாய் கிழியும் என்று என் ஆணிச் சப்பாத்தைப் போடவே விடவில்லை. புல் ஆடுகளம், பயிற்றுநர், சம்பளம் எல்லாம் நான் ஒஸ்லோவுக்கு வந்தபிறகா வரவேண்டும்? வயிறு எரிகிறது. அவனோ தொலைபேசியில், "அண்ணா, வீட்டில கிடக்கிற அந்தச் சப்பாத்தை எனக்குத் தாறீங்களோ?" என்கிறான். கொடுக்கவேண்டாம் என்று சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.

துடைத்துக் கொடுங்கள். எனக்கு மிளகாய்த்தூள் அனுப்புங்கள். நாலாம் நாள் எத்தனை ஓவர் போட்டான் என்று எழுதுங்கள். எத்தனை விக்கெட் எடுத்தான் என்று எழுதவேண்டாம், அதற்கும் வயிறு எரியும். வேலைக்கு நேரமாகிறது.

மூத்தவன்,
சிந்துஜன்