பசி அடக்கும் மாத்திரையும் லாரி மேடையும்

அன்பு மகள் பட்டாசுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் அதைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும். பழைய உடுப்பு எதுவும் ஏறமாட்டேங்குது, வேலைக்குத் திரும்பவே கூச்சமா இருக்கு, உங்க மாத்திரையில மீதியை அனுப்புங்க சித்தப்பா என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்குத்தான் இந்தப் பதில். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் நல்ல செய்தி, உன் சித்தப்பன் இளைத்துவிட்டான்! டாக்டர் பசியை அடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலையில் ஒன்று, கூடவே நடை, அளவான சாப்பாடு, அதுவும் சில வாரம் மட்டும் என்றார். போட்ட அன்றைக்கே சாப்பாட்டுத் தட்டு யாரோ முன்பின் தெரியாத ஆள்போல் ஆகிவிட்டது. சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு, நின்றுபோன லாரியை ஒற்றை ஆளாகத் தள்ளி நம்ம எடை மேடையில் ஏற்றினேன் (சித்தி இல்லை என்பாள், அவள் அங்கே இல்லவே இல்லை). லாரிகளை எடை போட்டே தலை நரைத்தவன் நான், குளியலறைத் தராசை எல்லாம் மதிப்பேனா, தினமும் நம்ம மேடையிலேயே ஏறி நின்றேன். அசைவே இல்லை, அதே நூறு கிலோ. சரி, இந்த உடம்புக்கு ஒரு மாத்திரை எந்த மூலைக்கு என்று நானே இரண்டாக்கிக்கொண்டேன். வாய் வறண்டு ஒட்டிக்கொண்டது, தூக்கம் போன இடம் தெரியவில்லை, நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பித்தான் குதித்தது. வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் என்னண்ணே, எஞ்சின் உங்களுக்குள்ள ஓடுதா என்று கேட்டு, சரக்கோடு லாரியிலேயே என்னை டாக்டரிடம் கொண்டுபோனார். அங்கே தராசில் ஏறினால் முழுசாக ஆறு கிலோ குறைந்திருக்கிறது! நம்ம மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும், ஆறெல்லாம் அதற்குத் தூசு, இதை நாள் முழுக்க லாரிக்காரர்களுக்கு விளக்குகிறவனே நான்தான். இரண்டிரண்டாகப் போட்டதை டாக்டர் பிடித்துக்கொண்டார், மாத்திரை ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது, நீங்கதான் ஒழுங்கா இல்ல, ரத்த அழுத்தம் எங்க நிக்குது பாருங்க என்று கத்தி, அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது அழுத்தம் இறங்கிவிட்டது, பயப்படாதே.

நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. இதற்கு இல்லை. டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டதும், பால் குடுக்கிற பொண்ணா, தொடவே கூடாது, பிள்ளைக்கும் போயிடும் என்று மேசையைத் தட்டினார். மிச்சத்தை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நீ அழுதாலும் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்குப் பதிலாக என்னையே அனுப்புகிறேன்! விடுப்பு வாங்கியாயிற்று, சித்தி பெட்டியை அடுக்கி அடுக்கிப் பிரிக்கிறாள், அடுத்த வாரம் விமானம் ஏறி வருகிறோம். குழந்தையை என் தோளில் போட்டுவிட்டு நீ நிம்மதியாக நடந்துவிட்டு வா, திரும்பி வரும்போது அது உன்னை யாரென்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

மூன்று பேரும் நீடூழி வாழ்க. அதுவரை இணையத்தில் எவன் என்ன விற்றாலும் வாங்காதே, உன் டாக்டரைக் கேள். விமான நிலையத்தில் ஒல்லியாக, அழகாக ஒருவன் வந்தால் சந்தேகப்படாமல் கையசை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா