ஆள் விட்டு உழுதேன் என்று சொன்னது

24.7.1972

டாக்டர் ஹபீப் முகம்மது சொன்னார் என்பதற்காகத்தான் இந்த நோட்டு. என்றைக்கு மூச்சு இழுப்பு வந்தது, அன்றைக்கு என்ன தின்றேன், எந்தக் காற்று அடித்தது, என்ன வேலை பார்த்தேன் என்று எழுதி மாசத்துக்கு ஒருதரம் பூதலூர் கொண்டுவர வேண்டுமாம். எட்டாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

இன்று: பழைய சோறு, சுண்டவத்தல். மேல்காற்று. மாட்டுக்கு வைக்கோல் உதறினேன். அரை மணியில் நெஞ்சில் விசில் கேட்டது.

25.7

பத்து வருஷமாக நான் பார்க்காத வைத்தியமா? தயிரை நிறுத்து என்றார்கள், நிறுத்தினேன். கத்தரிக்காய், வாழைப்பழம், தலைக்குக் குளிப்பது எல்லாம் போயிற்று. ஆடாதோடை இலைக் கஷாயம் குடித்துக் குடித்து நாக்கே மரத்துவிட்டது. ஒரு வைத்தியர் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை பிடிக்கச் சொன்னார். மூச்சு விட்டது உண்மைதான். ஆனால் வாய் காய்ந்து, கூரையிலிருந்து எறும்பு எறும்பாக இறங்குவதுபோல் தெரிந்து, நான் போட்ட கூச்சலில் என் பெண்டாட்டி அம்சம் பயந்தே போனாள். அதோடு அந்தப் புகைக்கு ஒரு கும்பிடு.

காசம் என்று ஊரில் பேச்சு. தஞ்சாவூரில் நெஞ்சைப் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் டீக்கடையில் எனக்குத் தனி கிளாஸ்தான்.

டாக்டர் சொல்வது வேறு. "ஒங்களுக்குச் சளி வியாதி இல்ல வைரக்கண்ணு. நெஞ்சுக்குள்ள போற குழாய் சுருங்குது. தூசி ஆகல. தயிர் பாட்டுக்குச் சாப்பிடுங்க." எபெட்ரின் மாத்திரை, அரை அரையாக. போட்டால் மூச்சு விடுகிறது. கை மட்டும் உதறுகிறது.

29.7

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே ஏர் பூட்டிவிட்டது. நான் ரெண்டு சுற்று போனேன், மூன்றாவதில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாடு இரண்டும் திரும்பிப் பார்த்தன. எட்டு மா குத்தகை நிலம். உழாமல் போட்டால் தஞ்சாவூர் மிராசுதாருக்கு அது போதும், வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

அம்சம் சொல்கிறாள்: "நான் ஓட்டுறேன்."

பைத்தியமா இவளுக்கு? எங்கள் ஊரில் பொம்பிளை மேழியைத் தொட்டதாகக் கேள்விப்பட்டதே இல்லை. நாற்றுப் பறிக்கலாம், நடலாம், அறுக்கலாம். ஏர் மட்டும் கூடாது. ஏன் கூடாது? யாரைக் கேட்டாலும் கூடாது என்பார்கள், அவ்வளவுதான்.

1.8

உழுதுவிட்டாள்.

பொழுது விடியும் முன்னே போய், ஆள் நடமாட்டம் வருவதற்குள் திரும்பிவிட்டோம். நான் வரப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு போனாள். கோடு கோணவில்லை. என் கோடு கோணும்.

எங்கே கற்றாய் என்றேன். அவள் அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லையாம், ஒளித்து ஒளித்துப் பழக்கினாராம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம்தான் வந்தது. எதற்குக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

5.8

ஐந்து நாளில் முடிந்தது. மூன்று சால் உழவு. டீக்கடையில் விவசாயச் சங்கத்து அரசப்பன் கேட்டான், யாரப்பா உழுதது என்று. "தாராசுரத்துப் பக்கத்து ஆளு, கூலிக்கு வந்தான்" என்றேன். மிராசுதாரின் காரியஸ்தர் இராஜாங்கம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பேரு என்ன என்றார். நல்லக்கண்ணு என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

இன்று இழுப்பு இல்லை. தயிர் சாப்பிட்டேன்.

9.8

இரண்டு பேர் வந்து நல்லக்கண்ணுவைத் தங்கள் வயலுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வேலை சுத்தமாம். அம்சம் உள்ளே சிரிக்கிறாள், எனக்குக் கேட்கிறது. சிரிப்பாள், ஏன் சிரிக்க மாட்டாள்?

17.9

அரசப்பன் சங்கத்திலிருந்து சேதி கொண்டுவந்தான். சர்க்கார் சட்டத்தின்படி குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்களாம். ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. எனக்குக் காகிதம் ஏது? எங்கப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சுதான். "மனு எழுதிப் போடு, நான் சாட்சிக்கு வர்றேன்" என்றான். போட்டுவிட்டேன்.

6.11

மிராசுதார் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார். நகல் வந்தது. அரசப்பன் படித்துச் சொன்னான்.

குத்தகைதாரன் என்றால் அவனோ அவன் குடும்பமோ உடம்பால் பாடுபட வேண்டுமாம். நானோ இழுப்புக்காரன், வருஷத்தில் பாதி நாள் படுக்கை. உழவைக் கூலிக்காரனை விட்டுச் செய்ததாக என் வாயாலேயே டீக்கடையில் சொன்னேனாம். ஆள் பெயர் நல்லக்கண்ணு. பெயரைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்!

அட பாவி. நானே குழி வெட்டி நானே விழுந்திருக்கேன்.

7.11

அம்சம்: "குடும்பத்து ஆளு பாடுபட்டாப் போதும்னுதானே போட்டிருக்கு? நான் உழுதேன்னு சொல்லுங்க, முடிஞ்சுபோச்சு."

முடிஞ்சுபோச்சாம். விசாரணைன்னா சாவடியில ஊரே நிக்கும். பொஞ்சாதிய ஏர்ல விட்டுட்டு வரப்புல குந்தியிருந்தேன்னு நான் சொல்லணுமா? சொல்லிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்கிறது?

சத்தம் போட்டுவிட்டேன். சத்தம் போட்டதில் இழுப்பு வந்தது. முதுகைத் தேய்த்துவிட்டது அவள்தான்.

8.11

பேசவில்லை.

9.11

பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது.

20.11

இத்தனை மாசம் நோட்டைக் கொண்டுபோகாமல் தள்ளிப்போட்டு, இன்றுதான் பூதலூர் போனேன். டாக்டர் நோட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். வைக்கோல், களம், குறுவை அறுத்தவர்கள் பதர் தூற்றிய நாள் எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டார். "தூத்துற பக்கமே போகாதீங்க. மூக்குல ஈரத்துணி கட்டிக்குங்க." அப்புறம் ஆகஸ்ட் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அம்சம்மா உழுதாங்களா?"

டாக்டரிடம் மறைத்து என்ன செய்ய? ஆமாம் என்றேன். "நல்ல கெட்டிக்காரம்மா" என்றார். அதோடு விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

14.12

இன்று விசாரணை. மாத்திரை உதறல் இன்னும் நிற்கவில்லை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் பனி. சாவடியில் இழுத்துத் தொலைக்கக்கூடாது என்று மாத்திரை முழுசாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மூச்சு சுத்தமாக விட்டது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இரண்டு கையும் வெடவெட என்று ஆடுகிறது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா கை நடுங்குது? பொய் சொல்ல வந்தியா?" பின்னால் சிரிப்பு.

"நானேதாங்க பயிர் பண்றேன்" என்றேன்.

இராஜாங்கம் எழுந்தார். மனுஷன் கத்தவில்லை, அடக்கமாகத்தான் கேட்டார். "அப்ப ஆடியில உழுதது யாருங்க? நல்லக்கண்ணுன்னு ஒரு ஆளுன்னு சொன்னாரு. அவனை வரச் சொல்லுங்க, கேட்டுருவோம்." அதிகாரி என்னைப் பார்த்தார். அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டான், டீக்கடையில் நான் சொன்னதை அவனும்தானே காதால் கேட்டிருந்தான். வாசல் பக்கம் பெண்களோடு அம்சம் நின்றாள். சொல் என்று அவள் கண்ணைக்கூடக் காட்டவில்லை. சும்மா நின்றாள். அப்பா காலத்து எட்டு மாவும் கையை விட்டுப் போகிற நேரத்தில், சொல்லாமல் விட்டால் விடட்டும் என்று நிற்கிறாளே இவள்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்லக்கண்ணுன்னு யாரும் இல்லைங்க. நான் இழுப்புல கெடந்தேன். எம்பொஞ்சாதிதாங்க உழுதா. வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன்."

சாவடியே சிரித்தது. யாரோ விசில்கூட அடித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்.

"எத்தனை சால் ஓட்டினே?"

"மூணுங்க."

"எந்த மாடு எந்தப் பக்கம்?"

"இடத்த செவலை, வலத்த மயிலைங்க. மயிலை வடக்கு வரப்புகிட்ட போனா நின்னுக்கும். அங்க மடை ஓரம் பள்ளம், காலு இறங்கும். கலப்பையை லேசாத் தூக்கிக்கிட்டாத்தான் நவுரும்."

அதிகாரி இராஜாங்கத்தைப் பார்த்துக் கேட்டார்: "அங்க பள்ளம் இருக்கா?" இருக்குங்க என்று அவர் ஒத்துக்கொண்டார். பொய் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லைபோல. அதற்குள் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும்போது அவள் முன்னால் நடந்தாள். "என்னை மன்னிச்சுக்க" என்றேன். "மூச்சை அடக்குங்க, நடக்கும்போது பேசாதீங்க" என்றாள்.

19.1.1973

அறுவடை. ஈரத்துணி கட்டிக்கொண்டு களத்துக்கு வெளியே நின்றேன். இழுப்பு மூன்று நாள், போன வருஷம் பதினேழு நாள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் மாட்டை அதட்டுகிற மாதிரி ஒருத்தன் நாக்கைத் தட்டினான். சுருக்கென்றது. டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

3.3

பெயர் ஏறிவிட்டது. எட்டு மா, சாகுபடி குத்தகைதாரர் வைரக்கண்ணு. அரசப்பன் மிட்டாய் வாங்கிவந்தான். அம்சம் பதிவு நகலைத் தடவிப் பார்த்து, "எம்பேரு எங்க?" என்றாள். இல்லை. சட்டத்தில் ஒரு பெயர்தானாம். அவள் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

30.7.1973

மேல்காற்று. காலையில் லேசாக இழுப்பு, அரை மாத்திரை.

அம்சம் விடிந்து, வெயில் ஏறி, எட்டு மணிக்கு மேல் ஏர் பூட்டினாள். ரோட்டோரத்து வயலைத்தான் முதலில் எடுத்தாள். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்தரைக்குக் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். தலையில் வைத்தால் நிற்கவில்லை, கையில்தான் எடுத்துப் போனேன். டீக்கடையைத் தாண்டும்போது, "என்ன வைரக்கண்ணு, யாருக்குக் கஞ்சி?" என்று கேட்டார்கள்.

"உழுற ஆளுக்கு" என்றேன். மூச்சு வாங்கியது. நின்று, நின்று, போய்ச் சேர்ந்தேன்.