அலைக்குள் இறங்கிய நாற்காலி

சாரம், புதுச்சேரி.

அன்புள்ள அப்பாவுக்கு, செந்தமிழ்ச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போன் நனைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள்.

எங்கள் தெருக்காரர்கள் வருடாவருடம் இங்குள்ள முதியோர் இல்லத்துக்காகக் கடற்கரையில் நடந்து நிதி திரட்டுவார்கள். ஞாயிறு விடியலில் நானும் போனேன். இல்லத்திலிருந்து வந்த அஞ்சலாட்சி அம்மாளின் சக்கர நாற்காலியைத் தள்ளும் வேலை எனக்கு. பனியில் கடல் எது, வானம் எது என்றே தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பது போலிருந்தது.

“இதே ஊர்ல பொறந்தவ நான். கடல்ல கால் நனைச்சு இருவது வருசமாச்சும்மா” என்றார்.

நானும் அறைத்தோழி நிர்மலாவும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். பெரிய அலை ஒன்று மூவரையும் நனைத்தது. நாங்கள் அலறினோம். அவரோ, “இன்னொன்னு வரட்டும், இருங்கடி!” என்று சிரித்தார். முன்னே போனவர்களெல்லாம் திரும்பி வந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் இல்லத்தில் இருக்கும் எல்லோரையும் அழைத்து வருவதென்று அங்கேயே முடிவானது.

எனக்கு யார் நம்பரும் மனப்பாடமில்லை அப்பா. எல்லார் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மீதி இடத்தில் மழை பெய்ததா, அம்மா என்ன குழம்பு வைத்தாள் என்று எதையாவது எழுதுங்கள். தாளைக் காலியாக விடாதீர்கள்.

கடை வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
செல்வி