நீல மூடித் தோட்டாக்கள்

லார்ச் க்ரீக், மொன்டானா
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், மணிக்கட்டு வீக்கமும் முழுக்க வடிந்துவிட்டது, அங்கே நீயும் மாப்பிள்ளை கிரஹாமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மணிக்கட்டு என்றதும் என்ன வீக்கம், எப்போது, ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழ ஆரம்பிப்பாய், நான் உன்னைச் சமாதானம் செய்யப் போய் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

இங்கே மரமெல்லாம் மஞ்சளாகி உதிரத் தொடங்கிவிட்டது, மலை உச்சியில் இரண்டு தடவை பனி விழுந்தாயிற்று. தேவாலயத்து ஆட்கள் வந்து விறகு பிளந்து சுவர் உயரத்துக்கு அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அத்தனை பேருக்கும் மான் இறைச்சிக் குழம்பு வைத்தேன், பெரிய பாத்திரத்தில் சமைத்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. கோழிகள் நான்குதான் மிச்சம். நீ மூன்று ஞாயிறாக ஒரே பாட்டாகச் சொல்கிறாய், அப்பாவின் துப்பாக்கிகளை விற்றுவிட்டு ஹோபார்ட்டில் எங்களோடு வந்து இருந்துவிடு என்று. நான் பேச்சை மாற்றினேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். காரணம் இருந்தது.

நம் நாய் பிக்கிளைக் கரடி அடித்துப்போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தாய். அந்த வாரமே நான் எனக்கும் ஒரு ரிவால்வர் வேண்டும் என்று உன் அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கைப்பைக்குள் வைக்கிற மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி அம்மாவுக்கு இது போதும் என்றார். நான் உன் அப்பாவின் இடுப்பைச் சுட்டிக்காட்டி இவரிடம் இருப்பது எதுவோ அதுவேதான் வேண்டும் என்றேன். நாற்பத்து நாலு மேக்னம் என்கிற பெரிய ரகம், முழு இரும்பு, தூக்கினால் தண்ணீர் நிரம்பிய கெட்டில் மாதிரிக் கனக்கும். உன் அப்பா வெர்லின் அதையே வாங்கிக் கொடுத்தார். கடைத் தோட்டாவை அவர் நம்பமாட்டார் என்பது உனக்குத் தெரியும், சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து கழுவி, பின்னறையில் உட்கார்ந்து வெடிமருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டை அழுத்தி மூடி, எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பண்ணை மெர்லுக்கும் அவரே செய்தார். அவருடையது மஞ்சள் மூடிப் பெட்டியில், என்னுடையது நீல மூடிப் பெட்டியில். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பழக்கம் உண்டு, கலக்காதே என்று சொல்லியிருந்தார். நானும் முப்பத்தோரு வருடம் கலக்கவில்லை. கோடையில் ஏரிக்கரை விருந்தில் போட்டி வைத்தால் ஆறு தோட்டாவையும் தகரத்தட்டின் நடுவில் இறக்கிவிட்டு, இந்த ஆண்கள் சுட்டால் துப்பாக்கி கையை உதைக்கிறது உதைக்கிறது என்று ஏன்தான் பெரிதாகப் பேசுகிறார்களோ என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். வெர்லின் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு காபி குடிப்பார்.

மார்ச்சில் அவரை அடக்கம் செய்தோம். நீ திரும்பிப் போனாய். ஆகஸ்டில் மலையில் ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் போகலாம் என்று துப்பாக்கியை எடுத்தபோது பார்த்தால் நீலப் பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது. சரி, அவருடையதை எடுத்துப் பழகிக்கொள்வோம் என்று மஞ்சள் பெட்டியுடன், நாங்கள் சுட்டுப் பழகுகிற சரளைக் குழிக்குப் போனேன். ஒரே ஒரு தோட்டாதான் சுட்டேன். துப்பாக்கி கையில் நிற்காமல் எகிறி வந்து என் நெற்றியில் இடித்தது, தொப்பி விளிம்பு இல்லாவிட்டால் தையல் போட்டிருக்க வேண்டும். மணிக்கட்டில் ஏதோ முறிந்த மாதிரி வலி. சரளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலியைவிடப் பயம்தான் அதிகம். கடைசிக் குளிர்காலத்தில் உன் அப்பாவுக்குக் கை நடுங்கியது, கண்ணும் மங்கல், அப்படியும் பின்னறையில் போய் உட்காருவார். ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து போட்டிருப்பாரோ, அந்தப் பெட்டிகள் முழுக்க அப்படித்தானோ, அதே தோட்டாவைத்தானே மெர்லும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான், நாளைக்குத் துப்பாக்கி வெடித்து அவன் கை போனால் என்ன செய்வேன் என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

மெர்ல் முதலில் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி என் கையில் கட்டினான். அப்புறம் மஞ்சள் பெட்டியிலிருந்து பத்து எடுத்து, குண்டு பிடுங்குகிற சுத்தியலில் மாட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்து, மருந்தைச் சின்னத் தராசில் கொட்டிப் பார்த்தான். பத்தும் ஒரே எடை. "கணக்கு சரியாத்தான் இருக்கு அர்லிஸ், ஒரு துளி மருந்து கூடல, கொறையல. கை நடுங்கினாலும் வெர்லின் வெர்லின்தான்" என்றான். அப்படியானால் ஏன் இப்படி உதைத்தது என்று கேட்டேன். கரடிக்குப் போடுவது இப்படித்தான் உதைக்கும், எனக்கும் உதைக்கும் என்றான். அப்போ என்னுடையது இத்தனை வருடம் ஏன் உதைக்கவில்லை என்றேன். அதற்கு அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டான். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உன்னோடது வேற மருந்து, அளவும் கம்மி. மொதப் பெட்டியிலிருந்தே அப்படித்தான். சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான்."

பிரிட்டா, அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது. ஏரிக்கரையில் நான் பேசிய பேச்செல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, அவர் தொப்பியை இழுத்துக்கொண்டதும். அதைவிட ஒன்று. நீ கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்குப் போன புதிதில் பழம் பறிக்கிற இடத்தில் ஒரு கரடி முப்பதடியில் எழுந்து நின்றதே, அன்றைக்கு நானும் துப்பாக்கியை உருவிக்கொண்டு நின்றேன், என் கையில் இருந்தது கரடியை நிறுத்துமா நிறுத்தாதா என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். எனக்குப் பொம்மைத் துப்பாக்கி கொடுத்து ரெண்டு பேரும் விளையாட விட்டிருக்கிறீர்கள் என்று மெர்லைத் திட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கல்லறைக்குப் போகவில்லை. நீ போனில் அப்பாவுக்குப் பூ வைத்தாயா என்று கேட்டபோது வைத்தேன் என்று பொய் சொன்னேன். அந்த மூன்று வாரம்தான் இந்த வீட்டில் நான் நிஜமாகத் தனியாக இருந்தது, அதற்கு முன்பு அவரோடு மனசுக்குள் பேசிக்கொண்டாவது இருந்தேன்.

பிறகு மெர்லே வந்தான், வாசலில் நின்றுகொண்டே, பழம் பறிக்கப் போகும்போது வெர்லின் எங்கே நடப்பான் என்று கேட்டான். எனக்கு முன்னால்தான், ராஜா மாதிரி, ஒருநாளாவது பெண்டாட்டி பக்கத்தில் நடந்திருக்கிறாரா என்றேன். இதை நான் ஊரெல்லாம் சொல்லிக் குறைப்பட்டது உனக்கே தெரியும். மெர்ல் சொன்னான்: "எதுக்குன்னு நெனச்ச? அவன் சொன்னது இதுதான், ஒதைக்குப் பயந்தா அர்லிஸ் கண்ண மூடிக்கிட்டுச் சுடுவா, இல்லேன்னா துப்பாக்கியையே வீட்ல வச்சுட்டு வருவா. கையில பயமில்லாம ஒன்னு இருக்கட்டும், மிச்சத்துக்கு நான் முன்னாடி போய்க்கிறேன்னான்." என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லியிருந்தால் நீ மஞ்சள் பெட்டியைத்தான் கேட்டிருப்பாய் என்றான். கேட்டிருப்பேன். அது உண்மைதான். ஆனாலும் என் விஷயத்தை என்னைக் கேட்காமல் அவரே முடிவு செய்தது தப்புதான், இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. மறுநாள் காலை கல்லறைக்குப் போய் அதை வாய்விட்டே சொன்னேன், சொல்லிவிட்டு அங்கே கிடந்த சருகையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை, அதனால் மெர்லைக் கூப்பிட்டுத் தோட்டா செய்யக் காட்டச் சொன்னேன். இத்தனை வருடம் அந்த அறை வாசலில் காபியை வைத்துவிட்டு வந்தேனே தவிர உள்ளே உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமைகளில் வந்தான். கரடித் தோட்டா வேண்டும் என்று அவசரப்படாதே, அளவை மயிரிழை மயிரிழையாக ஏற்று, அஞ்சு சுடு, கை போதும்னு சொன்னா நிறுத்து என்றான், குழிக்கு வந்து நின்று நான் கண்ணை மூடுகிறேனா என்று என் முகத்தையே பார்த்தான். மூடினால் "மறுபடியும் ஜெபம் பண்ணிட்ட" என்பான். நான்கு சனிக்கிழமை ஆயிற்று. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு அளவு அமைந்தது, உதைக்கிறது, ஆனால் கண் திறந்திருக்கிறது. ஐம்பது செய்து வைத்திருக்கிறேன், கூட்டில் மருந்து சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விளக்கில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூடினேன். அந்த வேலையின்போது ரேடியோ போடக்கூடாது, பேசக்கூடாது, வேறு நினைப்பு கூடாது. வீடு முழுக்க இருக்கிற சத்தமின்மை என்னைத் தின்கிறது, அந்த அறையில் மட்டும் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதனால் அங்கே உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது.

மெர்ல் போன செவ்வாய்க்கிழமை ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டான், கண்ணில் புரை, இனி வண்டி ஓட்டக்கூடாதாம். அவன் வீட்டு விளக்குதான் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற ஒரே விளக்கு, உனக்கே தெரியும். ஆகவே உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், பிப்ரவரியில் வருகிறேன், ஆறு வாரம் இருக்கிறேன், டிக்கெட் போடு. பனி உருகும்போது திரும்பிவிடுவேன். துப்பாக்கிகளை விற்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, பிறகு பேசலாம்.

இன்னொன்று. நேற்று ஓடையில் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டதென்று எடுக்கப் போனேன், நான் மட்டும்தான், வழக்கம்போல உரக்கப் பாடிக்கொண்டே போனேன். வளைவில் ஒரு கிரிஸ்லி கரடி நின்றது. கை தானாக இடுப்புக்குப் போனது, உருவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், நடுங்கவில்லை. பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன், என்ன பேசினேன் என்று தெரியாது, உன் பெயரைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அது என்னையே பார்த்தது, ஒருமுறை மூச்சை ஊதியது, அப்புறம் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறிப் போய்விட்டது. சுடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே, கரடி பார்த்தேன் என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னேன். யாராவது வெளியே போய்விட்டு வந்து அப்படிச் சொன்னால் உன் அப்பா முதலில் ஒரு கேள்வி கேட்பார், அதைக் கேட்ட பிறகுதான் தண்ணீரே கொடுப்பார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அடுப்பில் விறகு சரிந்தது, அவ்வளவுதான்.

கடவுள் உன்னையும் கிரஹாமையும் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், இரவு வேலை முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு போன் செய்வாய், எடுத்ததும் கை எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்காதே, முதலில் கரடி எவ்வளவு பெரிசு என்று கேள்.

உன் அம்மா
அர்லிஸ்