நான் தலையாட்டியதால் அடித்த மணி

சதுரங்கப்பட்டினம்,
சனிக்கிழமை.

அன்பு மகன் அப்பாஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அத்தாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடந்தே போய்வருகிறார். உன் தங்கை ஹனியா மதுராந்தகத்திலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். கூடத்து மின்விசிறி மறுபடி கரகரவென்கிறது, தம்மாமில் ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவனைப் பெற்றவள் இங்கே விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் செத்துக்கிடக்கிறது. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன், மூன்று வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதி, பத்து நாள் கழித்துக் கிளம்புகிற உன் சிநேகிதன் நூர்முகமதுவிடம் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

நாலாம் வகுப்பு சுஷ்மிதாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மீன் விற்கிற சந்திரம்மாவின் மகள், நீ போனில் ஓயாமல் விசாரிப்பாயே, அவள்தான். கால் தரையில் பாவாது அந்தப் பிள்ளைக்கு. கடலில் படகு சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள், கேள்வியை முடிக்கும் முன் பதில் சொல்வாள், வாரத்துக்கு ஆறு பென்சில் தொலைப்பாள். நானும் முதலில் திமிர் என்றுதான் நினைத்து இரண்டு மாதம் கத்தினேன். வாரம் ஒருநாள் வருகிற சிறப்பாசிரியர் ராஜாராம்தான் பார்த்துவிட்டு, இது சேட்டையில்லை டீச்சர், ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு மாதிரி தெரிகிறது என்று சொல்லி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கேயும் அதையே சொன்னார்கள். முன்னால் உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், பத்துக் கணக்கை மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள், நடுவில் எழுந்து நடக்க விடுங்கள் என்றார்கள். சொல்வதற்கென்ன, மூன்றாம் வகுப்பையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என் ஒருத்தி தலையில். இதை உன்னிடம் அலுத்துக்கொண்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா, அதுக்கு கைல ஒரு வேல குடும்மா, கைக்கு வேல இருந்தா தல நிக்கும், எனக்கு அத யாரும் குடுக்கல என்றாய். ஏழு வயதில் உன்னை என் துப்பட்டாவால் மேசைக்காலோடு கட்டிவைத்து வாய்ப்பாடு எழுதச் சொன்னவள் நான். டீச்சர் பிள்ளை இப்படியா என்று ஊர் பேசுமே என்ற வெட்கம் எனக்கு. ஒன்பதாவதோடு நீ படிப்பை விட்டதற்கு உன்னைத்தான் எல்லோரும் திட்டினோம்.

உன் பேச்சைக் கேட்டுத்தான் அவளிடம் மணியைக் கொடுத்தேன். வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு, அதை அடிக்கிற வேலை. அதற்காகவே கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பாடவேளைக்கும் எழுந்து ஓடி, அடித்துவிட்டு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, தானாக நோட்டைத் திறப்பாள். மூன்று மாதத்தில் ஒரு பக்கம் முழுக்க அடித்தல் இல்லாமல் எழுதினாள் அப்பாஸ். அந்தப் பக்கத்தைத்தான் உனக்குப் படமெடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. கடைசிப் பாடவேளையில் நான் போனில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருந்தேன், அது ஏறாமல் சுற்றிச்சுற்றி நின்றது, எனக்கு எரிச்சல். நேரம் தெரிந்தும் பொறுக்கமுடியாமல் அவள் மூன்று தடவை பக்கத்தில் வந்து, டீச்சர் மணி அடிக்கவா, அடிக்கவா என்று நச்சரித்தாள். நாலாவது தடவை, கடிகாரத்தையும் பார்க்காமல் அவள் முகத்தையும் பார்க்காமல் தலையாட்டிவிட்டேன். விட்டால் போதும் என்று ஆட்டிய தலை. அப்போது மணி மூன்று நாற்பது. பள்ளி விடுவது நாலு பத்துக்கு. அந்த நேரத்துக்குத்தான் காவலாள் திருவேங்கடம் சிவப்புத்துணியோடு ரோட்டில் நின்று வண்டிகளை மறிப்பார். அன்று அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பள்ளி விடுகிற மாதிரி நீளமாக மணி அடித்ததும் சின்னப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மேல் மோட்டார் சைக்கிள் ஏறிவிட்டது. தொடையெலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ், மாவுக்கட்டோடு இருக்கிறான்.

மறுநாள் தலைமையாசிரியை சம்பூர்ணம் அறையில் எல்லோரையும் கூட்டி, யார் சொல்லி அடித்தாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார்கள். டீச்சர்தான் தலயாட்னாங்க என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மே மாதம் ஓய்வு, பென்ஷன் காகிதம் போயிருக்கிறது, அடிபட்ட பையனின் சித்தப்பா ஆள்களோடு வாசலில் நிற்கிறார். நான் கவனிக்கலையே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. அந்தப் புள்ள எப்பவுமே இப்டித்தாங்க, வாய்க்கு வந்தத சொல்லும் என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பாடம் நடத்தின வாய்தான் இது. அவள் அழவில்லை. திரும்பத்திரும்ப என் தலையைத்தான் பார்த்தாள், மறுபடி ஆட்டுவேன் என்று காத்திருந்த மாதிரி.

சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாது. அதனால் பெற்றவளே கேட்பது மாதிரி டிசி விண்ணப்பம் எழுதி வாங்கச் சொன்னார்கள். சந்திரம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர் என்று என்னிடம்தான் வந்தாள். எழுதினேன். சொந்தக் காரணங்களால் என் மகளை இப்பள்ளியிலிருந்து விடுவிக்குமாறு என்று என் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன். இந்தக் கையை என்ன செய்வது சொல். பக்கத்துப் பள்ளியில் அவள் இடம் விசாரித்ததற்கு, அந்த மணி அடிச்ச பொண்ணா என்று கேட்டார்களாம். திங்கட்கிழமை அந்த விண்ணப்பத்தில் சம்பூர்ணம் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இன்று காலை சந்திரம்மா வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன், வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு பை நிறைய சங்கரா மீன் கொண்டுவந்திருந்தாள். எம்பொண்ண மனுசியா பாத்தது நீங்க ஒருத்தர்தான் டீச்சர், அதுதான் பொய் சொல்லி உங்கள இழுத்துவுட்டுச்சி, வூட்ல நல்லா ரெண்டு வச்சேன், மனசுல வச்சிக்காதீங்க என்றாள். அந்தப் பிள்ளை இப்போது வீட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். இன்னா பண்ணும், கடியாரத்தையே பாத்துகினு குந்திகினு கீது, நாலு பத்தாச்சின்னா கரண்டிய எடுத்து சட்டில தட்டுது, ஒரு நிமிசம் முன்ன பின்ன இல்ல என்றாள். மீனை வாங்கிக்கொண்டேன் அப்பாஸ். அதை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

நீ மூன்று வாரமாக மணி அடிக்கிற பொண்ணு எப்டி கீதும்மா என்று கேட்கிறாய், நான் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை போய் எத்தனையோ நாளாகியிருக்கும். உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் தைரியம் கேட்கிறேன், முசல்லா விரிப்பை மடித்து வைக்கும்போதே அது போய்விடுகிறது. உன்னைக் கட்டிவைத்தபோதும் அத்தா அடித்தபோதும் பேசாத வாய் அறுபது வயதில் பேசிவிடுமா.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் தரட்டும், உன் கைவேலையில் பரக்கத் செய்யட்டும், என் துஆ எப்போதும் உன்னோடு இருக்கும். மாடி விளிம்பில் வேலை செய்யும்போது இடுப்புக்கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறு, உன் அவசரம் எனக்குத் தெரியும், மறந்துவிடாதே. இதைப் படித்ததும் போன் போட்டு அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேள். நல்லா இருக்கா என்று மட்டும் நான் சொன்னால், நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெய்புன்னிசா