பிடித்துத் தைத்த சட்டைகள்

டிசம்பர் 2, திங்கள்

பனிமூட்டம். ஜன்னலில் டாக்குரியா ஸ்டேஷனைக் காணோம், சத்தம் மட்டும். லோக்கல் ரயில் பாலுக்குள் போவது மாதிரி போனது.

முரளி ஆபீஸ் போனதும் அவருடைய நீலச் சட்டையை எடுத்தேன். கையில் அரை விரல், மார்பில் ஒரு விரல் பிடித்துத் தைத்தாயிற்று. துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிற கை. வெளியே ஒன்றும் தெரியாது.

துர்கா பூஜைக்கு முன்னால், ஜிம்மில் உடம்பேற்றப் பழகிய ஸ்டீராய்டு ஊசியை நிறுத்தினார். குழந்தை வேண்டுமென்றால் நிறுத்தத்தான் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து உடம்பு இறங்குகிறது. கண்ணாடியை இவர் நம்புவதில்லை. கல்தூணாக இருந்தபோதும் "நோஞ்சானா இருக்கேன்ல?" என்றுதான் கேட்பார். சட்டையைத்தான் நம்புவார். சட்டை லூசானால் அன்று சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, சுவரைப் பார்த்துப் படுக்கை. அதனால்தான் இந்த வேலை. அவருக்குத் தெரியாது.

வாங்க: கருநீல நூல், பட்டன், புது ஈச்சவெல்லம், பாத்ரூம் பல்பு.

டிசம்பர் 5, வியாழன்

வெயில். இளசான, எலுமிச்சை நிற வெயில்.

நீலச் சட்டையைப் போட்டுக் கையை மடக்கிப் பார்த்தார்.

"சுதா, இங்க பாரேன். கை இன்னும் பிடிக்குது. ஒண்ணும் போகலை."

"நான்தான் சொன்னேனே."

இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். பொய் சொன்ன உறுத்தலே எனக்கு இல்லை. சந்தோஷமாக இருந்தது. அடுத்து வெள்ளை, கோடு போட்டது, பச்சை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஏரிக்கரையில் நடை. மூட்டத்தில் எதிர்க்கரை இல்லை. துடுப்புச் சத்தம் முதலில் வந்தது, படகு பிறகு. பேசினாலும் பேசாத மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"இதுவும் குடி மாதிரி ஒரு அடிமைத்தனம்தானே?"

"குடிச்சவன் தள்ளாடுவான். நான் தள்ளாடுறேனா? வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், ஒரு நாள் ஆபீஸுக்கு லீவு உண்டா? இதுல போதை எங்க இருக்கு?"

"அப்ப நிறுத்தினதும் ஏன் அழறீங்க?"

ஒரு படகு போய் மறைந்தது.

"ஊசி இல்லாம நான் யாருன்னே தெரியலை சுதா."

கையைப் பிடித்துக்கொண்டேன். மெலிந்து, சூடாக, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல நினைத்தேன். மெலிந்த என்ற சொல்லும் கூடவே வருமே என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

காளிகாட், டாக்டரம்மா. தனியாகப் போனேன். அடிமைத்தனம் என்று சொல்லலாமா என்று கேட்டேன். பெங்காலியில்தான் பேச்சு. டாக்டர்களே ஒரே மாதிரி சொல்வதில்லையாம்.

"பேரை விடும்மா. கெடுதல்னு தெரிஞ்சும் திரும்பப் போறாரா? அதை மட்டும் பாரு."

ஜனவரியில் முரளிக்கு மறுபடி விந்தணுப் பரிசோதனை. நம்பிக்கையாக இருக்கச் சொன்னார். வெளியே செம்பருத்தி மாலைக் கடைகள், ஒரே சிவப்பு.

பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். கனவு. ஏரியில் முரளியின் வெள்ளைச் சட்டை பாய் விரித்துப் போகிறது. உள்ளே சின்னதாக யாரோ கையசைக்கிறார்கள். முரளியா, குழந்தையா, தெரியவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மாடிப்படியில் கீழ்வீட்டு பௌதி, பெங்காலியில் அண்ணி; முரளி அவளுக்கு தாதா, அண்ணன். பாசமான மனுஷி.

"என்ன தாதா, இப்படி இளைச்சுட்டீங்க? சுதா சோறு போடறதில்லையா?"

முரளி சிரித்தார். மேலே வந்து சட்டையைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஜிம்முக்குப் போய்ட்டு வரேன்."

நான் இத்தனை நாள் தைத்ததை ஒரு வாயால் பிரித்துவிட்டாள். பௌதி மேல் அப்படி ஒரு கோபம். மாலையில் அவள் கொடுத்தனுப்பிய வெல்லக் கொழுக்கட்டையைத் தின்னும்போதும் கோபம். ருசியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 28, சனி

நல்ல குளிர். முரளி ஒரே குஷி. பல் தேய்க்கும்போதுகூடப் பாட்டு. முதுகில் ஊசி போட்ட காலத்துப் பருக்கள் மறுபடி.

பச்சைச் சட்டையைக் கழற்ற முடியாமல் என்னைக் கூப்பிட்டார். இம்மாத ஆரம்பத்தில் நான் பிடித்துத் தைத்தபோது அளவாக இருந்த சட்டைக் கை. உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புஜத்தைச் சுற்றித் தையல் பதிந்து சிவப்புக் கோடு.

"இந்த ஊர்த் தண்ணிக்குத் துணி சுருங்குது சுதா."

"சுருங்கும்."

அந்தக் கோட்டைத் தடவிவிட்டேன். பழைய தோள், பழைய கனம். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

மறுபடி மூட்டம். காலையிலிருந்து பச்சைச் சட்டையும் கத்தரியும் மடியில்.

நான் பிடித்ததைப் பிரித்து விட்டால் சட்டை சரியாகிவிடும். தண்ணீர்க் கதையும் சரியாகிவிடும். ஜனவரி வரும், ரிப்போர்ட் வரும், எண்ணிக்கை ஏறியிருக்காது. இரண்டு பேரும் காரணம் தெரியாத மாதிரி ஆச்சரியப்பட வேண்டியிருக்கும்.

மறுபடி ஊசியா என்று கேட்பதென்றால் என் பொய்யையும் சொல்லியாக வேண்டும். கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது. டாக்டரம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பெயர் என்னவாகவும் இருக்கட்டும். எனக்கு முரளி வேண்டும், எந்த அளவானாலும்.

கத்தரியை உள்ளே வைத்துவிட்டேன். எல்லாச் சட்டைகளையும் உள்புறம் வெளியே திருப்பிக் கட்டிலில் வரிசையாகப் பரப்பியிருக்கிறேன். பழைய தையல், என் தையல், நடுவில் மடித்த துணி. எல்லாம் தெரிகிறது.

குளியலறையில் பாட்டு நின்றுவிட்டது. தாழ்ப்பாள் சத்தம்.